இது அப்புச்சி போர்வை தான?

ராத்திரி பதினொன்னே காலுக்கு பெரியம்மா மககிட்ட இருந்து ஒரு மெசேஜ். "ஏ புள்ள, இது அப்புச்சி போர்வை தான?" அவ்வளவுதான், கீழ ஒரு ஸ்கிரீன்ஷாட். ரெண்டு வருசமா நான் ஆருன்னு ஒருத்தருக்கும் சொல்லாம நடத்திட்டு இருக்கற இன்ஸ்டா அக்கவுண்ட்ல அன்னிக்குப் பொழுதோட போட்ட படம் அது. படுத்திருந்தவ எந்திரிச்சு உக்காந்துட்டேன், கையெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு.

அந்தப் போட்டோவுல என்னோட மூஞ்சி இல்ல, பேரு இல்ல, ஊரு இல்ல, படத்து மூலையில கையெழுத்துகூட இல்ல. வரைஞ்ச பேப்பரைக் கட்டில் மேல வெச்சு போன்ல எடுத்தேன், கட்டில்ல விரிச்சிருந்த போர்வை ஓரமா ஒரு சாண் தெரிஞ்சிருக்கு. அதை வெச்சு கண்டுபுடிச்சிட்டா.

அந்தப் போர்வையப் பத்திச் சொல்லோணும். எங்கப்புச்சி, அம்மாளப் பெத்த தாத்தா, சென்னிமலையில கைத்தறி நெய்தவரு. நெசவாளர் சொசைட்டிக்கு நெய்யற பெட்சீட்டெல்லாம் அளவு, கலரு, கட்டம் எல்லாமே அவங்க சொல்றபடிதான், ஒண்ணு மாதிரியே ஒண்ணு இருக்கும், நெய்தவரு பேரு எங்கயும் இருக்காது. இது அப்படியில்லீங்க, தறியில மிச்சம் நின்ன பாவுல ஊட்டுக்குன்னு நெய்தது. மெரூன் கட்டம். பாதிக்கு மேல ஓட்டறப்ப ஊடைக்கு மெரூன் நூலு தீந்து போச்சு, கையில கெடச்ச கிளிப்பச்சை நூலைப் போட்டு நாலு விரக்கடை ஓட்டீட்டு, அப்பறம் வேற சாயத்துல வந்த மெரூன்ல முடிச்சிருக்காரு, அது கொஞ்சம் கருக்கலா இருக்கும். உலகத்துல இன்னொரு போர்வை அப்படி கெடையாது. கோடை லீவுக்குப் போனா பேரன் பேத்தி ஏழு பேரும் அந்தப் பச்சைப் பட்டை ஆரு பக்கம் வருதுன்னு சண்டை போட்டுட்டே தூங்குவோம். ஏழு பேருக்கும் அது கண்ண மூடுனா தெரியும். அதை மறந்துட்டேன்.

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில ப்ரிண்ட் டிசைனரு. துணி வாங்கற பையர் அனுப்பற டெக் பேக்கை, துணி எப்படி இருக்கோணும்ங்கற குறிப்பைப் பாத்து ஆர்ட்வொர்க் போடறது, ஒவ்வொரு கலரையும் தனியாப் பிரிச்சு ப்ரிண்டிங் யூனிட்டுக்கு அனுப்பறது, ஸ்ட்ரைக் ஆஃப்னு சாம்பிள் ப்ரிண்ட் வந்தா சிவப்பு சரியா உக்காந்திருக்கா, அவுட்லைன் கசிஞ்சிருக்கான்னு பாக்கறது, இதுதான் வேலை. பத்து வருசத்துல நான் வரைஞ்ச நரி, முயலு, டைனோசரெல்லாம் ஏதோ ஒரு நாட்டுல ஏதோ ஒரு கொழந்தை நெஞ்சுல இருக்கும். கழுத்துக்குப் பின்னாடி லேபிள்ல பிராண்டு பேரு இருக்கும், நாடு பேரு இருக்கும், எத்தன டிகிரியில தொவைக்கோணும்னு இருக்கும். என் பேரு இருக்காது, அதுல எனக்கு வருத்தமும் இல்ல, சம்பளம் வாங்கறோம்ல. ஆனா ராத்திரி சோறு உண்ணுபோட்டு எனக்குன்னு வரையற படம் இருக்கு பாருங்க, அதுக்கும் பேரு போடாம இருக்கறது நானா எடுத்த முடிவு. ரெண்டும் வெளிய இருந்து பாத்தா ஒண்ணு மாதிரிதான் தெரியும், உள்ள இருந்து பாக்கறவளுக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஏன் பேரு போடலைன்னா, எங்க பக்கம் புதுசா ஒருத்தரப் பாத்தா மொத கேள்வி "எந்த ஊருங்க?", ரெண்டாவது "ஆரு ஊட்டுப் புள்ள?", இன்னுங் கொஞ்சம் பேசுனா எந்தக் கூட்டம் (எந்தக் குலம்), குலதெய்வம் எந்தக் கோயிலுங்கற வரைக்கும் வந்து நிக்கும். கேக்கறவங்க கெட்டவங்க இல்லீங்க, பாசமாத்தான் கேப்பாங்க, கேட்டு முடிச்சதும் காப்பித்தண்ணி குடுப்பாங்க. ஆனா அதுக்கப்பறம் நாம என்ன பேசுனாலும் அது இன்னாரு பேத்தி பேசறது, இன்ன ஊட்டு மருமக பேசறதுன்னு ஆயிரும். நான் வரையறது பூராவும் எங்க ஊட்டுப் பொம்பளைங்க. எல்லாரும் உண்டு முடிச்சப்பறம் அடுப்படியில தனியா உக்காந்து உண்கற அத்தை. மாப்ள ஊட்டுல இருந்து ஒரம்பரை வந்தப்ப ரூமை விட்டு வெளிய வராத அக்கா. கல்யாணத்துல சீர் நடக்கறப்ப மணமேடைப் பக்கம் போகாம தாவாரத்துத் தூணோரம் நின்னு எட்டிப் பாத்த அம்மிச்சி, எங்கம்மாளப் பெத்தவங்க. அப்புச்சி செத்துப் போனப்பறம் அவங்களை ஆரும் போகச் சொல்லல, வரச் சொல்லவும் இல்ல, அவங்களா போயி தூணோரம் நின்னுக்கிட்டாங்க. இதையெல்லாம் என் பேருல போட்டா அடுத்த நோம்பிக்கு ஊருக்குள்ள நடக்கவே முடியாது, அதைவிட எங்கம்மாளால முடியாது.

படத்தைப் பாத்துட்டு அப்பறம் வேண்ணா ஆருன்னு கேக்கட்டும், கேள்விய வரிசை மாத்திக் கேக்கட்டும்னுதான் பேரில்லாத அக்கவுண்ட் ஆரம்பிச்சேன்.

இது ஏதோ போனு வந்தப்பறம் வந்த பழக்கம்னு நெனைக்கறோம். குறுந்தொகையில 40வது பாட்டு ஸ்கூல்ல எல்லாரும் படிச்சிருப்போம், "யாயும் ஞாயும் யாராகியரோ"ன்னு ஆரம்பிக்கும். எங்கம்மாவும் உங்கம்மாவும் ஒருத்தருக்கொருத்தர் ஆரு, எங்கப்பனும் உங்கப்பனும் எந்த மொறையில சொந்தம்னு கேட்டு, அதெல்லாம் ஒண்ணுமே இல்லாம செம்மண்ணுல விழுந்த மழைத்தண்ணி மாதிரி மனசு கலந்துருச்சுன்னு முடியும். எழுதுனவரு பேரு தெரியல, அந்த உவமையையே பேராக்கி செம்புலப்பெயனீராருன்னு வெச்சுட்டாங்க. அடுத்த பாட்டு, 41, அணிலு வெளையாடற வாசலைப் பத்தி எழுதுனவரு அணிலாடுமுன்றிலாரு. 305ல குப்பைக்கோழியாரு. சின்ன வயசுல இதெல்லாம் வேடிக்கையான பேருங்கன்னுதான் தோணுச்சு. இப்பப் படிக்கறப்ப நெஞ்சை அடைக்குது. ஆரு ஊட்டுப் புள்ளைங்கற கேள்விய அவ்வளவு அழகா தள்ளி வெச்ச பாட்டை எழுதுன ஆளு ஆரு ஊட்டுப் புள்ளைன்னு ரெண்டாயிரம் வருசமா ஒருத்தருக்கும் தெரியல. அவரு ஆம்பளையா பொம்பளையான்னுகூட அந்தப் பேரை வெச்சுச் சொல்ல முடியாது.

என் அக்கவுண்டுக்கு வர்ற மெசேஜ்ல பாதிப்பேரு "ப்ரோ செம"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. "அண்ணா, பிரஷ் என்ன யூஸ் பண்றீங்க"ம்பாங்க. ஒருத்தரு, கோடு அழுத்தமா இருக்கறதப் பாத்தாலே ஆம்பளை கைன்னு தெரியுதுன்னு எழுதியிருந்தாரு. மொதல்ல மூணு மாசம் எனக்கு அது புடிச்சிருந்துச்சு, உள்ளதைச் சொல்றேன். எங்கம்பெனியில ஒரு கோட்டை மாத்தச் சொன்னா நான் ஏன்னு கேட்டா "கோவமா இருக்கியாம்மா"ம்பாங்க, இங்க நான் ஏன்னு கேட்டா "ப்ரோ சொல்றது கரெக்ட்"ம்பாங்க. அதே நான், அதே கேள்வி. அப்பறம் ஒரு கட்டத்துல அந்த அண்ணன் எனக்கு முன்னாடி நடக்க ஆரம்பிச்சுட்டாரு, நான் பதில் டைப் பண்றப்பவே அந்த அண்ணன் எப்படிப் பேசுவாரோ அப்படி வந்து விழுந்துச்சு.

இப்படி இன்னொரு ஆளா இருக்கறத வேணும்னே பண்ணிப் பாத்தவங்க இருக்காங்க. லின் ஹெர்ஷ்மன் லீசன்னு அமெரிக்காவுல ஒரு ஆர்டிஸ்டு, இன்டர்நெட் எல்லாம் வர்றக்கு முன்னாடி 1973ல இருந்து 1978 வரைக்கும் சான் பிரான்சிஸ்கோவுல ராபர்ட்டா பிரைட்மோர்ங்கற பேருல இன்னொருத்தியா வாழ்ந்து பாத்தாங்க. சவுரி முடி, தனி மேக்கப், தனி நடை, அந்த இல்லாத பொம்பளை பேருல டிரைவிங் லைசென்சு, பேங்க் அக்கவுண்டு, கிரெடிட் கார்டு. ரூம்மேட் வேணும்னு பேப்பர்ல விளம்பரம் குடுத்து அதைப் பாத்து வர்ற ஆளுங்களை ராபர்ட்டாவாவே போயி பாத்தாங்க. கடைசியில வேற மூணு பொம்பளைங்களும் ராபர்ட்டா வேசம் கட்டுனாங்க, பொறவு 1978ல இத்தாலியில ஒரு கல்லறையில சடங்கு மாதிரி பண்ணி ராபர்ட்டாவ முடிச்சு வெச்சாங்க. கட்டுன வேசத்தைக் கலைக்கறக்கும் ஒரு சடங்கு வேணும்னு அவங்களுக்குத் தோணியிருக்கு, எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது அதுதான். ராத்திரி பூரா கூத்துக் கட்டறவங்க விடியக்காலையில அரிதாரத்தைக் கலைக்கறதப் பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்களா, தேங்கா எண்ணெய் தொட்டுத் தொட்டு பழைய துணியில தொடைப்பாங்க, ஒரே இழுப்புல வராது, காதோரம் செவப்பு மறுநாள் வரைக்கும் இருக்கும்.

அமாலியா உல்மன் 2014ல இன்ஸ்டாவுலயே செஞ்சாங்க. அஞ்சு மாசம், ஊருக்குப் புதுசா வந்த ஒரு அழகான பொண்ணு, காசுக்காரங்க பின்னாடி போறா, அறுவை சிகிச்சை பண்ணிக்கறா, ஒடைஞ்சு போறா, அப்பறம் யோகா, பழச்சாறுன்னு மீண்டு வர்றா. எல்லாமே எழுதி வெச்சுப் போட்ட போஸ்டுங்க. பாத்தவங்க நெசம்னு நம்பி வாழ்த்துனாங்க, திட்டுனாங்க. முடிஞ்சப்பறம்தான் இது நாடகம்னு சொன்னாங்க, 2016ல லண்டன் டேட் மாடர்ன் மியூசியத்துல நடந்த ஒரு கண்காட்சியில அந்தப் படங்களையும் வெச்சாங்க. அவங்க சொந்தப் பேருலயே சொந்த மூஞ்சியக் காட்டித்தான் இத்தனையும் பண்ணுனாங்கங்கறதுதான் விசயம். மூஞ்சியக் காட்டிட்டும் ஒளிஞ்சுக்க முடியுது. என்ற அக்கவுண்டுல மூஞ்சியே இல்ல, ஆனா நான் நெசத்தைத் தவிர ஒண்ணும் வரைஞ்சதில்ல.

சரி, இப்ப ஒரு கண்ணுக்குட்டி கதைக்கு வர்றேன், ஒரு வருசமா ஆருகிட்டயும் சொல்லாம மனசுக்குள்ளயே வெச்சிருந்தது.

காங்கேயம் மாட்டுக்குக் கண்ணு பொறக்கறப்ப செவலையா இருக்கும், ஆறு மாசம் ஆக ஆகத்தான் அந்தச் செவலை போயி சாம்பலா வெளுக்கும். அந்த மாறுற வயசுல ஒரு கண்ணுக்குட்டி, தலை இன்னும் செவலை, முதுகு வெளுத்துருச்சு, முதுகு மேல ஒரு கரிச்சான் குருவி உக்காந்திருக்கு, இதை வரைஞ்சு போட்டேன். என் படத்துலயே எச்சா ஷேர் ஆனது அதுதான். ரெண்டு மாசம் கழிச்சு ஆபீஸ்ல பையர்கிட்ட பேசி ஆர்டரைப் பாத்துக்கற மெர்ச்சண்டைசர் வந்து என் சிஸ்டம் முன்னாடி நிக்கறாரு, கையில பிரிண்ட் அவுட்டு. "இது ரெபரன்ஸ்ம்மா, நெட்ல கெடச்சுது, பையருக்குப் புடிச்சிருக்கு, குருவிய பட்டாம்பூச்சியா மாத்திரு, கண்ணுக்குட்டிய பூராவும் பிரவுன் பண்ணீரு, செஸ்ட் ப்ரிண்ட், மூணு கலரு"ன்னாரு.

என் படம். என் கையில.

வாயில வார்த்தையே வரல. கொஞ்ச நேரம் கழிச்சு "இது ஆரோ வரைஞ்சதுங்க சார், அப்படியே எடுக்கக் கூடாதுங்க"ன்னு சொன்னேன். என்னையவே ஆரோன்னு சொன்னேன். அவரு பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "பேரே இல்லீல்லம்மா, ஆரு வந்து கேக்கப் போறாங்க"ன்னாரு. கெட்ட எண்ணத்துல சொல்லலீங்க, பேரு இல்லைன்னா சொந்தக்காரங்க இல்லைன்னு நெசமாவே நம்புறாரு, ரோட்டோரப் புளியமரம் மாதிரி.

அது தப்புங்க. நம்ம நாட்டு 1957ஆம் வருசத்துக் காப்புரிமைச் சட்டத்துல 23வது பிரிவே இதுக்குத்தான் இருக்கு. பேரில்லாமயோ புனைபேருலயோ வெளியிட்ட படைப்புக்கும் வெளியான வருசத்துக்கு அடுத்த வருசத்துல இருந்து 60 வருசம் உரிமை இருக்கு. நடுவுல ஆளு ஆருன்னு தெரிஞ்சா, அவங்க காலத்துக்கப்பறம் 60 வருசம். பேரு போடலைங்கறதால உரிமை போயிராது. ஆனா உரிமைய நிலைநாட்டப் போறவங்க ஏதோ ஒரு எடத்துல "நான்தான்"னு கைய தூக்கியாகோணும், மூச்சு முட்டறது அங்கதான். பேங்க்சி பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, ஆளு ஆருன்னு தானா வெளிய சொன்னதே இல்லாத இங்கிலாந்து சுவரோவியக்காரரு. 2018ல ஏலத்துல வித்து முடிஞ்ச நொடியில பிரேமுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்த மெசின் அவரு படத்தைப் பாதிக்கு கிழிச்சுது, அந்தக் கிழிஞ்ச படமே 2021ல 1 கோடியே 85 லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு. அப்பேர்ப்பட்டவருக்கே 2020ல ஒரு வாழ்த்து அட்டைக் கம்பெனியோட நடந்த வழக்குல, பூங்கொத்து வீசற மனுசன் படத்துக்கு வாங்கி வெச்சிருந்த டிரேட்மார்க்கை ஐரோப்பிய ஆபீஸ் ரத்து பண்ணிருச்சு. யூஸ் பண்ற எண்ணமே இல்லாம பதிஞ்சதுங்கறதுதான் காரணம்னாலும், ஆளு ஆருன்னு மறைச்சிருக்கறதால இவருதான் ஓனர்னு சந்தேகமில்லாம சொல்ல முடியலைங்கறதையும் எழுதி வெச்சாங்க.

நான் அன்னிக்கு என்ன பண்ணுனேன்னா, இதைத் தொட மாட்டேன், வேற ஒண்ணு புதுசா வரைஞ்சு தர்றேன்னு ரெண்டு நாள் டைம் கேட்டு, கண்ணுக்குட்டியே இல்லாம ஒரு ஆட்டுக்குட்டி படம் போட்டுக் குடுத்தேன். பையருக்குப் புடிச்சிருச்சு. என் படம் தப்பிச்சுது. நானும் தப்பிச்சேன். ஆனா ஊட்டுக்கு வந்து அழுதேன், சொந்தப் புள்ளைய ரோட்டுல பாத்துட்டு தெரியாத மாதிரி நடந்து வந்தாப்ல இருந்துச்சு.

பேரை விடறதுன்னா 2015 ஜனவரியும் ஞாபகத்துக்கு வருது. அப்ப நான் ஈரோட்டுல காலேஜ். நம்ம பக்கத்து எழுத்தாளர் பெருமாள்முருகன், திருச்செங்கோட்டுல அவரு நாவலை எதுத்து நடந்த பிரச்சனைக்கப்பறம், எழுத்தாளன் செத்துட்டான், இனிமே பெ. முருகன்ங்கற ஆசிரியன் மட்டும்தான் இருப்பான்னு பேஸ்புக்ல எழுதுனாரு. ஹாஸ்டல்ல போனைக் கை மாத்திக் கை மாத்திப் படிச்சோம். ஒரே ஆளோட பேரை ரெண்டா வெட்டி, ஒரு துண்டை மட்டும் உசுரோட வெச்சுக்கறேன்னு ஒருத்தரு சொல்ல வேண்டி வந்துச்சே. 2016 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம் அவரு பக்கம் தீர்ப்பு சொல்லி, எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும்னுச்சு, அவரும் எழுத வந்தாரு. நான் பேரு போடாம ஆரம்பிச்சதுக்குப் பின்னாடி அந்த ஹாஸ்டல் ராத்திரியும் இருக்கு. என் பேரை ஆரும் வெட்டறக்கு முன்னாடி நானே எடுத்து உள்ள வெச்சுக்கிட்டேன்.

உள்ள வெச்சாலும் இப்ப எத்தன நாளைக்குன்னு தெரியல. எங்கம்பெனி கேட்ல மூஞ்சியப் பாத்து அட்டெண்டன்ஸ் போடற மெசினு வந்துருச்சு, ஷிப்ட்டுக்கு வர்றவங்க வரிசையா நின்னு மூஞ்சியக் காட்டிட்டுப் போறோம். ஆடம் ஹார்வின்னு ஒரு ஆர்டிஸ்டு 2010லயே அந்த மாதிரி கேமராவுக்குத் தெரியாம இருக்கறக்கு முடியக் குறுக்க வெட்டி, மூஞ்சியில கட்டம் கட்டமா கருப்பு வெள்ளை பூசற அலங்காரமெல்லாம் செஞ்சு காட்டுனாரு. அது அந்தக் காலத்து சாப்ட்வேருக்கு, இப்ப வர்றது வேற. ஹசன் எலாஹி நேரெதிர் வழியில போனாரு. பங்களாதேஷ்ல பொறந்த அமெரிக்கக்காரரு, 2002ல டெட்ராய்ட் ஏர்போர்ட்ல புடிச்சு வெச்சு விசாரிச்சாங்க, மாசக்கணக்கா எப்பிஐ போலீசு கேள்வி கேட்டுச்சு. விட்டப்பறம் அவரே அவரை வேவு பாக்க ஆரம்பிச்சாரு, எங்க இருக்காரு, என்ன உண்டாரு, எந்த டாய்லெட்டுக்குப் போனாருன்னு எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஆயிரக்கணக்குல வெப்சைட்ல போட்டாரு. எல்லாத்தையும் காட்டுனா அதுக்குள்ள மனுசனைத் தேட முடியாதுங்கறது அவரு கணக்கு. நான் எதையுமே காட்டல, ஒரு சாண் போர்வை காட்டிக் குடுத்துருச்சு.

போர்வையக் கண்டுபுடிச்ச பெரியம்மா மக அக்காவுக்கு அன்னிக்கு ராத்திரி "ஆமாக்கா"ன்னு ஒத்தை வார்த்தைதான் அனுப்புனேன். டைப்பிங்னு வருது, நிக்குது, வருது, நிக்குது. கடைசியில, "அந்த தூணோரம் நிக்கற படம், அம்மிச்சி தான?"ன்னு கேட்டா. ஆமான்னேன். "அது என்ற கல்யாணம் தான?"

ஆமாங்க. அவ கல்யாணம்தான். எட்டு மாசத்துக்கு முன்னாடி அந்தப் படத்தை அவளே ஸ்டேட்டஸ்ல வெச்சிருந்தா, அழுவற எமோஜி ரெண்டு போட்டு, ஆரோ ஒருத்தரு கல்யாணம்னு நெனைச்சு. அவ மணமேடையில உக்காந்திருந்த எடத்துல இருந்து அந்தத் தூணு தெரியாது, நான் நின்ன எடத்துல இருந்துதான் தெரியும். கோவிச்சுக்குவான்னு நெனைச்சேன். "நான் அன்னிக்கு அம்மிச்சியத் தேடவே இல்ல புள்ள"ன்னு மட்டும் அனுப்புனா. ரெண்டு பேரும் அதுக்கப்பறம் ஒண்ணும் பேசல.

அடுத்த ஞாயித்துக்கெழமை ஊருக்குப் போயி, என்னையக் கேக்காம, அம்மிச்சிகிட்ட போனைக் காட்டீட்டா. அவ ரெண்டு விரல்ல படத்தைப் பெருசு பண்ணிக் காட்டறத நானும் பக்கத்துல நின்னு பாத்துட்டு இருக்கேன், தொண்டை வறண்டு போச்சு. அம்மிச்சி கண்ணாடியத் தேடி எடுத்துப் போட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. ஆரு வரைஞ்சதுன்னு கேக்கல, எங்க போட்டேன்னு கேக்கல, பேரு ஏன் இல்லைன்னு கேக்கல.

"சேலை வெள்ளை இல்ல கண்ணு"ன்னாங்க. "சந்தனக் கலரு. கரை அரக்கு. நீ மொதச் சம்பளத்துல எடுத்துக் குடுத்தது. அதைக் கட்டிட்டு வந்தேன்னு உனக்குக் காட்டத்தான் அந்தத் தூணுகிட்ட வந்து நின்னேன், நீ பாக்கவே இல்ல."

அந்தப் படத்தை இப்ப திரும்ப வரைஞ்சுட்டு இருக்கேன். சந்தனக் கலரு மூணு தடவ கலந்தும் இன்னும் சரியா வரல.